ஒரே வாட்ச், இரண்டு டெபாசிட்

ஒரே பொருளை ஒரே நாளில் இரண்டு பேருக்கு விற்க முடியுமா? முடியும். போன வாரம் நானும் என் தம்பியும் விற்றோம்... ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

தம்பி பெயர் பெஞ்சமின். எங்களுக்குப் பெஞ்சி. தேக்காவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கடை. ஏற்கெனவே யாரோ கட்டிய கைக்கடிகாரங்களை வாங்கி, சரிபார்த்து, மெருகேற்றி விற்கிறோம். 'செகண்ட் ஹேண்டா?' என்று முகம் சுளிப்பவர்களிடம் பெஞ்சி, 'ப்ரீ-ஓன்ட்' என்பான். அந்த ஒரு சொல்லிலேயே வாட்சுக்கு மரியாதை கூடிவிடும்.

எங்களுக்குள் வேலைப் பங்கீடு சுலபம். அவன் பேசுவான். நான் எழுதுவேன். என்ன வாட்ச், என்ன சீரியல் நம்பர், யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம், பெட்டி இருந்ததா, வாரண்டி கார்டு இருந்ததா — எல்லாம் என் கம்ப்யூட்டரில் எக்செல்லில் இருக்கும். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, 'குறிப்பு'. அதில் மட்டும் பெஞ்சிக்கும் எழுத அனுமதி.

ஆனால் அவனுடைய நிஜமான ரெக்கார்டு எங்கே இருக்கிறது தெரியுமா? அவன் போனில். வாட்ஸ்அப்பில். பாதி எழுத்தில், பாதி குரலில், மீதி கட்டைவிரல் படத்தில்.

சட்டைக் கடைக்காரருக்கு இதனால் ஆபத்தில்லை. ஒரே சட்டை அலமாரியில் இருபது இருக்கும். எங்களிடம் எது இருந்தாலும் ஒன்றுதான் இருக்கும். அதுதான் இந்தத் தொழிலின் கவர்ச்சி. அதேதான் ஆபத்தும்.

விஷயத்துக்கு வருகிறேன். பச்சை டயல் வைத்த ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் வந்திருந்தது. உற்பத்தியை நிறுத்திவிட்ட மாடல். மழைக்குப் பிறகு வாழையிலை இருக்குமே, அப்படி ஒரு பச்சை. பெஞ்சி அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகு ஓர் அம்மா மாடியேறி வந்தார். பெயர் வசந்தா. மருத்துவமனையில் தாதி. வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறாராம். பச்சை டயலைக் கையில் கட்டினார், கழற்றினார், மறுபடி கட்டினார்.

"யாருக்குக்கா வாங்குறீங்க?" என்றேன்.

"எனக்குத்தாம்மா. வார்டுல கையில எதுவும் கட்டக்கூடாது. இத்தனை வருஷமும் சட்டையில குத்துற வாட்ச்தான். கல்யாணத்துக்கு வந்த வாட்ச் கூடப் பெட்டிக்குள்ளயே கெட்டுப் போச்சு. சனிக்கிழமை எனக்கு ஃபேர்வெல் சாப்பாடு. அன்னிக்கு இதைக் கட்டிட்டுப் போவேன்."

"ஏன்க்கா பச்சை?"

"பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

எவ்வளவு நல்ல காரணம்! டெபாசிட் வாங்கிக்கொண்டேன். வார் அவர் மணிக்கட்டுக்குப் பெரிதாக இருந்தது. 'சின்னதாப் போட்டு வைக்கிறோம், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க' என்றேன். எக்செல்லில் ஏற்றினேன். கடமை முடிந்தது.

அதே பிற்பகல், சர்ச் வாசலில் பெஞ்சிக்கு ஒரு போன். பொங்கோலில் இருக்கும் தினேஷ் என்ற இளைஞர். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மைத்துனன் கையால் வாட்ச் கட்ட வேண்டும். ஸ்டேட்டஸ் படத்தை மாப்பிள்ளைக்கே அனுப்ப, அவர் 'இதுதான்' என்றுவிட்டார். தினேஷ் போனிலேயே டெபாசிட் அனுப்ப, பெஞ்சி ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பிவிட்டு மேல்ஸ்தாயிக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை பெஞ்சி கேட்டான். "அக்கா, பச்சையைப் பேக் பண்ணிடலாமா? தினேஷ் வராரு."

"எந்த தினேஷ்?"

பெஞ்சி போனை நீட்டினான்; நான் எக்செல்லைத் திருப்பிக் காட்டினேன்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?" இது நான்.

"நீங்க ஏன் என்கிட்ட கேக்கல?" இது அவன்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாலும் இன்னொரு வாட்ச் வராது. பெஞ்சிக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. "ஒருத்தர்கிட்ட சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொல்லிடலாம் லா."

"யார்கிட்ட?"

யோசித்துப் பார்த்தான். ஓய்வு பெறும் தாதியிடமா, கல்யாண வீட்டாரிடமா? நான் போனை எடுத்தேன். இருவரிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். தவறு எங்களுடையது, டெபாசிட்டைத் திருப்பித் தருகிறோம், நாளை மாலைக்குள் இன்னொன்று கிடைக்குமா என்று முயல்கிறோம் என்றும் சொன்னேன்.

தினேஷ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அக்கா, காசு பிரச்சினையே இல்ல. மாப்பிள்ளையோட அம்மா, சித்தி வரைக்கும் போட்டோ போயிடுச்சு. இப்ப வேற வாட்ச் கொண்டுபோய் நின்னா, பொண்ணு வீடு கடைசி நேரத்துல மாத்திடுச்சும்பாங்க. என் தங்கச்சிதான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

வசந்தா அக்கா, "நான் கட்டிப் பார்த்துட்டேனேம்மா..." என்றார். அவ்வளவுதான். போனை வைத்த பிறகும் அந்த ஒற்றை வாக்கியம் காதிலேயே நின்றது.

கூட்டாளிக் கடைகள் எல்லாவற்றுக்கும் போன் போட்டோம். இல்லை, இல்லை, விற்றுவிட்டது, இல்லை. கடைசியில் என் எக்செல்லில் அந்த மாடலின் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ஒரு வரி வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மாடலை, இதே பச்சையை விற்றிருக்கிறோம். பாலகிருஷ்ணன், தெம்பனிஸ். பெட்டி, கார்டு இரண்டும் உண்டு.

குறிப்புக் கட்டத்தில் பெஞ்சியின் கைவண்ணம்: 'ஒய்ஃபுக்கு விலை தெரியாது. போன் வேண்டாம். மெசேஜ் மட்டும்.'

மெசேஜ் அனுப்பினோம். பதில் சட்டென்று வந்தது. 'வீட்டுக்கு வராதீங்க. நாளைக்குக் காலையில எங்க புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடை.'

வெள்ளிக்கிழமை காலை ரயிலேறிப் போனோம். பாலகிருஷ்ணன் சார் எங்களுக்கு முன்பே வந்து, தூணுக்குப் பின்னால் இருந்த மேசையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கையில் பச்சை டயல். நன்றாகப் பராமரித்திருந்தார், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நடந்ததைச் சொன்னேன். வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறோம் என்றேன்.

அவர் வாட்சை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். குழந்தையின் காதைப் பொத்துவதுபோல.

"சாரிம்மா. இதை மட்டும் கேக்காதீங்க. காலையில எழுந்தா முதல்ல இதைத்தான் பார்க்குறேன்."

"பரவாயில்ல சார். உங்க பொருள், உங்க இஷ்டம்" என்றேன். இருந்த ஒரு நம்பிக்கையும் போய்விட்டது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அப்போதுதான் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"என்னங்க, ஆபீஸ் போகலையா?"

கையில் சந்தைப் பை. பைக்கு மேலே எட்டிப் பார்க்கும் கங்கோங் கீரை. பாலகிருஷ்ணன் சாரின் மனைவி கமலா. சார் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"இவங்க... என் ஃப்ரெண்ட்ஸ்" என்றார்.

கமலா அக்கா எங்கள் முன்னால் உட்கார்ந்தார். பெஞ்சியின் சட்டையில் கடைப் பெயர் பெரிதாகத் தைத்திருந்ததைப் படித்தார். பிறகு கணவரின் கையைப் பார்த்தார்.

"வாட்ச் கடையா? இதுக்காகவா வந்தீங்க? இது இவருக்கு லக்கி டிராவுல விழுந்தது. இல்லீங்க?"

'ஆமாம்' என்றார் பாலகிருஷ்ணன் சார், காற்று மட்டும் வரும் குரலில்.

கமலா அக்கா என்னைப் பார்த்தார். "உங்க கடையில லக்கி டிரா எல்லாம் வைக்கிறீங்களா?"

என்ன சொல்வது? பொய் சொல்லவும் மனமில்லை. ஒரு குடும்பத்தைக் கீரைக் கட்டுக்கு நடுவே வைத்துக் கலைக்கவும் மனமில்லை. ரொம்பக் கண்ணியமாகப் பதில் சொல்வதாக நினைத்து நான் சொன்னது இது:

"அக்கா, கஸ்டமர் விஷயத்தை நாங்க வெளியில பேசறதில்ல."

பெஞ்சி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஓ," என்றார் கமலா அக்கா. "கஸ்டமரா?"

மேசையில் நாங்கள் நால்வர். பால் சேர்க்காத தேநீர், மூன்று தே-ஓ. ஒருவரும் தொடவில்லை. கமலா அக்கா கணவருடைய கிளாஸை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். பிறகு என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"பெட்டி, கார்டெல்லாம் வேணுமாம்மா? டூல் பாக்ஸ்ல டிரில்லுக்கு அடியில இருக்கு. பில்லும் அதுலதான் இருக்கு."

பாலகிருஷ்ணன் சார் மனைவி பக்கம் திரும்பினார். "கமலா... உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"திரைக்கம்பி மாட்டணும்னு அன்னிக்கு டிரில்லைத் தேடுனேனே, அப்பத்திலேர்ந்து. ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"ஏன் கேக்கவே இல்ல?"

"நீங்களே சொல்லட்டும்னு பார்த்தேன். நீங்க எங்க சொன்னீங்க? ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் அந்த லக்கி டிரா கதையில புதுசு புதுசா ஏதாவது சேர்த்தீங்க. மேடைக்குக் கூப்பிட்டாங்க, கை தட்டினாங்க, போன தீபாவளிக்கு மந்திரி வந்து கை குலுக்கினாரு... கேக்க ரொம்ப நல்லா இருந்துச்சு. எதுக்குக் கெடுக்கணும்?"

பெஞ்சிதான் முதலில் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் தே-ஓ கிளாஸுக்குள்ளேயே சிரித்தான். பிறகு நான். கடைசியில் பாலகிருஷ்ணன் சாரும் — முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

கமலா அக்கா எங்கள் கதையை முழுதாகக் கேட்டார். தங்கையைப் பற்றி தினேஷ் சொன்ன இடம் வந்ததும் கணவர் பக்கம் திரும்பினார். "கல்யாண வீட்டுக்குக் கேக்குறாங்க. குடுத்துடலாமே? ஆனா உங்களுக்கு மனசு இருந்தாத்தான்."

நானும் சொன்னேன். "ஆமாம் சார். சங்கடத்துக்காகத் தர வேண்டாம்."

அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக வாரை அவிழ்த்தார். மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு வட்டம். "எடுத்துக்குங்கம்மா. இனிமே இதைக் கட்டினா மணியா பார்க்க முடியும்? இவ முகத்தைத்தான் பார்க்கணும்."

"அதுக்குப் பதிலா," என்றார் கமலா அக்கா, கீரைப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபடி, "எனக்கும் ஒரு லக்கி டிரா விழணும். நாளைக்குக் கடைக்கு வரேன். அவரும் வருவாரு. மேடை வேணாம்."

பிற்பகலுக்குள் அந்த வாட்ச் மெருகேறிப் புதுப்பெண்போல் பெட்டிக்குள் உட்கார்ந்தது. தினேஷ் வந்து வாங்கிக்கொண்டார். இது வேறொருவர் கட்டியது, ஸ்டேட்டஸ் படத்தில் இருந்ததன் இரட்டை என்று சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லக்கா. பச்சைதானே கேட்டாரு" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, 'சாப்பிட வந்துடுங்க, ரெண்டு பேரும்' என்று பத்திரிகை வைத்தார். போனோம். மேடையில் மைத்துனன் வாட்ச் கட்டியபோது, மாப்பிள்ளையின் சித்தி எழுந்து வந்து குனிந்து பார்த்து, போட்டோவில் வந்ததுதான் என்று தலையாட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

வசந்தா அக்கா வெள்ளி மாலை வந்தார், சீருடையோடு. அவர் கட்டிப் பார்த்த அதே வாட்சை அவர் கையிலேயே கட்டிவிட்டேன். வார் கச்சிதமாக உட்கார்ந்தது. "மணி என்னக்கா?" என்றேன் வேண்டுமென்றே. சட்டென்று அவர் கை நெஞ்சுக்குப் போனது. அங்கே குத்தியிருந்த வாட்சைத் தொட்டுவிட்டு நின்றார். அப்புறம் கையைத் திருப்பிப் பார்த்து, சின்னப் பெண்போலச் சிரித்தார். பக்கத்தில் பெஞ்சி ஸ்ட்ராப் துண்டுகளைப் பொறுக்குவதுபோல ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான்.

சரி, பாடம் என்ன? விற்பனைக் கணக்கு எழுதுவது வருமானத்துக்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதைவிட முக்கியமான ஒன்று அதில் இருக்கிறது. யாருக்கு எதைத் தருவதாகச் சொன்னோம் என்பது. அது இரண்டு இடத்தில் இருந்தால், ஓர் இடத்தில் பொய்யாகிவிடுகிறது. இப்போது எங்கள் இருவர் போனிலும் ஒரே பட்டியல் ஓடுகிறது. ஒருவர் 'விற்றாச்சு' என்று தொட்டால் இன்னொருவர் போனில் அந்த வரி சிவக்கும். பாட்டுப் பயிற்சியின் நடுவே சிவந்தால், பெஞ்சி அரை வரி தாமதமாகப் பாடுகிறானாம். பாதிரியார் புகார் சொல்கிறார். நான் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்ற திருப்தியில் திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். முதல் வாடிக்கையாளர், உட்லண்ட்ஸிலிருந்து வந்தவர், நல்ல வாட்சாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பணத்தையும் செலுத்திவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து கேட்டார்.

"மேடம், பில் ரெண்டு போட முடியுமா? ஒண்ணு எனக்கு... இன்னொண்ணு விலை குறைச்சு, வீட்டுக்கு."

"ஒரு வாட்சுக்கு ஒரு பில்தான் சார். வீட்டுக்கு வேணும்னா வீட்டம்மாவையே கூட்டிட்டு வாங்க... தே-ஓ எங்க செலவு!"