ஒரு வாளித் தண்ணீர்

பொத்தானை அமர்த்தினால் தானாகவே கழுவிக்கொள்ளும் கக்கூஸ் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்பது எனக்கு முப்பது வயது வரை தெரியாது. எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலை நகரில் ஒரு சின்னக் கடையில் பற்றறி, டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த ஃபிட்டர் குறிஞ்சாக்கேணிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எஞ்சின் அவர் பொறுப்பு, வயர் என் பொறுப்பு.

ஒரு காலையில் ஐரோப்பியர் வழிவந்த வயதான பறங்கி ஒருவர் கடைக்கு வந்தார். பிள்ளைகள் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகு ஓர்ஸ் ஹில் வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு உள்துறைமுகத்தில் ஒரு பழைய மோட்டர் படகில் குடியிருந்தவர். படகின் கக்கூஸ் பம்ப் நின்றுபோய்விட்டது, உடனே வரவேண்டும் என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டில் கக்கூஸ் பக்கம் கை வைப்பது மற்றவர்களின் வேலை. அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது. என் முகத்தை அவர் கவனித்திருக்கவேண்டும்.

"தம்பி, என்ர மனுசிக்குப் புற்றுநோய். கனநாள் இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன், இந்தப் படகிலதான் என்ர உயிர் போகவேணும் எண்டு நிக்கிறா. சட்டி வைச்சு நான் தூக்கி ஊத்திறது அவவுக்குப் பெரிய வெக்கம். கையால அடிக்கிற பம்ப் அவவுக்கு ஏலாது. அந்தப் பொத்தான் வேலை செய்யிற மட்டும்தான் அவ அங்க இருக்கலாம்."

அதற்குமேல் என்ன கதை? பையைத் தூக்கினேன். தோணியில் போகும்போது, "இண்டையிலயிருந்து நீ கக்கூஸ் டொக்டர்" என்று நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கக்கூஸுக்கு இரண்டு குழாய்கள். ஒன்று கடல்தண்ணீரைக் கோப்பைக்குள் கொண்டுவரும், மற்றது கழிவை வெளியே தள்ளும். இரண்டையும் ஒரே மோட்டர்தான் சுழற்றும். கடல்தண்ணீர் வரும் இடத்தில், படகின் அடியில், ஒரு பித்தளை வால்வு. வேலை தொடங்கமுன் அதன் பிடியைக் குறுக்கே திருப்பி அடைத்தேன். அடைக்காமல் குழாயைக் கழற்றினால் கடல் உள்ளே வந்துவிடும்.

பொத்தானை அமர்த்தினால் மோட்டர் முனகியதே தவிர சுற்றவில்லை. ஒரு பல்பையும் இரண்டு வயரையும் வைத்துப் பார்த்தேன். பற்றறியில் பிரகாசமாக எரிந்த பல்ப் பம்பின் அருகே மங்கி எரிந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பலகைக்குக் கீழே ஒரு மூட்டு உப்புப் பிடித்துப் பச்சையாக இற்றுக் கிடந்தது. வெட்டிச் சுரண்டி ஈயம் வைத்து ஒட்டினேன். மோட்டர் சுற்றியது, ஆனால் உயிரில்லாமல் சுற்றியது. கழற்றினால் உள்ளே மின்சாரம் கடத்தும் காபன் துண்டுகள் இரண்டும் நகத்தின் அளவுக்குத் தேய்ந்திருந்தன. ஜீப் டைனமோவின் காபனை எடுத்து, அரத்தால் ராவி ராவி அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்கே பகல் திரும்பிவிட்டது.

பூட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்கவேண்டுமே. எங்களுக்குக் கக்கூஸுக்குத் தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர்தான். நானாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். நானா கயிற்றில் வாளியை இறக்கிக் கடல்தண்ணீர் அள்ளித் தந்தார். நான் கோப்பையில் ஊற்றிப் பொத்தானை அமர்த்தினேன். கடகடவென்று அவ்வளவையும் இழுத்துக்கொண்டு போனது. மூன்று வாளி ஊற்றினோம், மூன்றும் போனது.

அந்த அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எட்டிப் பார்த்தார். எலும்பும் தோலுமான மனுசி. உதட்டுக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார்.

"அப்ப நான் இனி எங்கயும் போகத் தேவையில்லை, என்ன?" என்றார்.

"ஒரு இடமும் போகத் தேவையில்லை, மிஸ்ஸி" என்று நான்தான் சொன்னேன். பெரிய கெட்டிக்காரனைப்போலச் சொன்னேன்.

அன்று பின்னேரமே குடும்பத்தோடு வெருகல் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிட்டேன். முதலாளிக்கும் அங்கே நேர்த்திக்கடன் இருந்தது. கடையைப் பூட்டினார். நானா வீட்டுக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் நான் கடைக்கு வரும்போது அந்த மனிதர் வாசலில் நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

"அண்டைக்கே நிண்டுபோச்சு, தம்பி. கோப்பைக்குத் தண்ணியே வரேல்ல. ரெண்டு தரம் கரகரவெண்டு கத்திச்சுது, பிறகு ஒண்டுமில்லை. மூண்டு நாளும் இங்க வந்து பாத்தனான், பூட்டிக் கிடந்தது. முந்தநாள் அவவே சொன்னா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ எண்டு. கொண்டுபோய் விட்டிட்டன்."

நானாவும் நானும் படகுக்குப் போனோம். பலகையைத் தூக்கினேன். பித்தளை வால்வின் பிடி குறுக்கே கிடந்தது. நான் அடைத்தது, அடைத்தபடியே.

வாளியால் ஊற்றியதால்தான் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. படகுக்காரர்கள் செய்வதுபோல் வெறும் கோப்பையோடு பொத்தானை அமர்த்தியிருந்தால், தண்ணீர் வரவில்லை என்பதை அந்த நிமிடமே கண்டிருப்போம். எங்கள் வீட்டுப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. அவர்களோ கடதாசி பாவிப்பவர்கள், வாளி வைத்திருப்பவர்கள் அல்ல. தண்ணீர் இல்லாமல் சுற்றி, பம்புக்குள் தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சில்லு கிழிந்து, கடதாசியும் ரப்பரும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. நான் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாவும் பார்த்தார்.

"என்ன பிழை, தம்பி?" என்று மேலேயிருந்து கேட்டார் அந்த மனிதர்.

"பழைய சாமான்தானே, சேர். ரப்பர் சில்லு கிழிஞ்சுபோச்சு" என்றேன். அது பொய்யும் இல்லை. அதனால்தான் அவ்வளவு லேசாக வாயில் வந்தது.

மாற்றுச் சில்லு ஒன்று அவருடைய அலுமாரியில் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வால்வைத் திறந்து, வெறும் கோப்பையோடு பொத்தானை அமர்த்தினேன். தண்ணீர் வட்டமாக வந்து கழுவிக்கொண்டு போனது. அவர் குழந்தையைப்போல இரண்டு தரம் தானும் அமர்த்திப் பார்த்தார். "இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்று அவசர அவசரமாகச் சேர்ட்டை மாட்டினார்.

திரும்பும்போது தோணியில், "சொல்லியிருக்கவேணும், நானா" என்றேன்.

"சொன்னா ஆர்ட மனம் ஆறும், தம்பி? அவர்டயா, உன்டயா?" என்றார் அவர்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. என்மேல் வரவேண்டியது அவர்மேல் வந்தது. அந்தக் கிழமை முழுதும் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. அந்த அம்மா படகுக்கு வந்துவிட்டாரா என்று யாரையும் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு கிழமை கழித்து அந்தப் படகுக்காரர் கடைக்கு வந்தார். கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"டொக்டர் அசைக்க விடேல்ல, தம்பி. ஆஸ்பத்திரியிலதான் முடிஞ்சுது. பம்ப் சரிவந்திட்டுதெண்டு சொன்னனான், கேட்டுச் சிரிச்சவ. பிறகு என்னை ஒரு காரியம் செய்யச் சொன்னவ. திருத்தின தம்பி தன்னில பிழையெண்டு நினைச்சு மனம் நோகப்போறார், அவரில ஒரு பிழையும் இல்லையெண்டு போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ எண்டவ. அதுதான் வந்தனான்."

நானா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தேன்.

"ஓம், சேர்" என்றேன்.