முட்டி இடிக்கும் சீட்

கதை என்று நினைத்துப் படிப்பதாக இருந்தால் வேண்டாம், இங்கேயே நிறுத்திவிடுங்கள். கதை கட்டும் தெம்பு எனக்கு இல்லை. டவுன் பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு தேய்ந்தவன் நான். இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்னவன் பஸ் ஓட்டாதவனாக இருக்க வேண்டும்.

டிப்போவில் எனக்குப் பெயர் 'நெட்டை'. ஆறடிக்கு மேல் உயரம். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் ஸ்டியரிங்கில் முட்டி இடிக்கும். குறுகி உட்கார்ந்தே முதுகு போய்விட்டது. டியூட்டி முடிந்து இறங்கியதும் உடனே நிமிர முடியாது. யாராவது பார்த்தால் செருப்பை மாட்டுவதுபோல நடிப்பேன். ஏனென்றால் அடுத்த மாதம் உடல்தகுதிப் பரிசோதனை. குனிய முடியாதவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் அந்தப் பழைய வண்டியை எனக்குக் கொடுத்தார்கள்.

ஏறினதுமே எரிச்சல். சீட் ரொம்ப முன்னால் இருந்தது. எவரோ குள்ளமான ஆள் ஓட்டியிருக்கிறார். அடியில் இருந்த கம்பியைத் தடவி இழுத்தேன். 'கடக்.' சீட் பின்னால் போனது. உள்கண்ணாடியையும் என் உயரத்துக்கு, பின் படிக்கட்டு தெரியும்படி திருப்பினேன். ஏறியதும் எல்லா டிரைவரும் செய்வதுதான்.

கடைசி ஸ்டாப்பில் டீ குடிக்க இறங்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் முட்டி இடித்தது. சீட் மறுபடி முன்னால்...

"எவன்யா என் சீட்ல உக்காந்தது?"

"யாரும் ஏறலைண்ணே. நான் இங்கயேதான் இருக்கேன்," என்றான் கண்டக்டர்.

"அப்போ சீட் தானா நடந்து வந்துச்சா?"

"வயசாயிடுச்சுண்ணே உங்களுக்கு." சிரித்தான்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும். இறங்கி ஏறினால் முட்டி இடிக்கும், இழுப்பேன், கடக். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் இழுப்பது? ஒருநாள் அலுத்துவிட்டது. 'என்னமோ பண்ணிக்கோ போ' என்று அப்படியே சாய்ந்தேன்.

சாய்மானத்தில், இடதுபக்கம், யாரோ சாய்ந்து சாய்ந்து விழுந்த குழி இருந்தது. என் முதுகு அதற்குள் இறங்கியது. வலி நின்றது. சத்தியமாக, அழுகையே வந்துவிட்டது எனக்கு. அதன்பிறகு அந்தக் கம்பியை நான் தொடவில்லை.

சில வாரம் போனது. "ஏங்க, ஏன் ஒரு பக்கமா சாஞ்சே உக்கார்றீங்க?" என்றாள் மனைவி. "இந்த பேன்ட்டைப் பாருங்க, தரையைக் கூட்டுது. துவைச்சா துணி சுருங்கும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இது நீளுது!"

சிரித்துக்கொண்டே மடித்துத் தைத்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மதியம் 2.10. கடைசி ஸ்டாப். காலி வண்டி. கண்டக்டர் டீக்கடையில். கண்ணாடியைப் பார்த்தேன். பின் படிக்கட்டு தெரியவில்லை. கூரை தெரிந்தது. கண்ணாடியை யாரும் தொடவில்லை...

குனிந்து பார்த்தேன். சீட் முன்னால்தான் இருந்தது. ஆனால்...

முட்டி இடிக்கவில்லை.

முட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது.

அடியில்... 'கடக்.'

என் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் இருந்தன.

அந்த வாரமே பரிசோதனை. குனிந்தேன், நிமிர்ந்தேன், ரப்பர் மாதிரி. "முதுகு பிரமாதம்," என்றார் டாக்டர். "போன தடவை உங்க உயரத்தைத்தான் யாரோ தப்பா எழுதியிருக்காங்க." திருத்திக்கொண்டார். வேலை நிலைத்தது. சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

நேராக டிப்போவுக்குப் போய் வண்டியருகே நின்றேன்.

"சின்னவரே!"

பின்னாலிருந்து குரல். திரும்பினேன். அது என் பெயர் இல்லை. ஆனாலும் திரும்பினேன்.

டிப்போ வெல்டர் நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. "நெட்டையா? கடவுளே... பின்னாடி பார்த்தா அச்சு அசல் அவரேதான்."

"யாரு?"

"இந்த வண்டியை ஓட்டினவரு. குள்ளமா இருப்பாரு, சின்னவர்னுதான் கூப்பிடுவோம். முதுகுவலின்னு எப்பவும் இடதுபக்கம் சாஞ்சே ஓட்டுவாரு. அப்படியே சாஞ்ச மேனிக்கு போய்ச் சேர்ந்துட்டாரு."

சீட் பக்கம் கையைக் காட்டினேன். "அந்த சீட்... கம்பி லூசா இருக்கு. சும்மா சும்மா முன்னாடி வருது. பாருங்கண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்தக் கம்பி? சீட் ஆடுதுன்னு அவரு புலம்பினப்ப, அவரு அளவுக்கு நான்தானே தரையோட பத்த வச்சேன்? கம்பியையும் அப்பவே வெட்டி எடுத்தாச்சே."

மண்டியிட்டுப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தில் துரு ஏறியிருந்தது. கம்பி இல்லை. சீட் ஒருநாளும் நகரவில்லை. அப்படியானால் நான் இழுத்தது எதை, 'கடக்' என்றது எது?

வேறு வண்டி கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அரைநாள்கூட முடியவில்லை. வலி உயிரை எடுத்தது. நானே போய் அந்தப் பழைய வண்டியையே திருப்பிக் கேட்டேன்.

நாளைக் காலை முதல் டிரிப். உள்ளே மனைவி என் பேன்ட்டை இன்னொரு மடிப்பு மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் சிரிப்பதில்லை.