பூஜையில் வைத்த அக்கா

என் மகளுக்கும் அவள் கைப்பேசியில் இருக்கும் சிகிச்சைக்கும் சண்டை வந்தால் எங்கள் வீட்டில் சமையல் தாமதமாகும். சண்டையின் சத்தம் கேட்டவுடன் நான் கத்திகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கக் காருக்கு ஓடிவிடுவேன். மனைவி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

கத்திகள் காரின் பின்பெட்டியில் இருந்ததற்குக் காரணம் உண்டு. போன ஆண்டு என் மகள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், பாராங் என்கிற வெட்டரிவாள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் சுற்றிக் காரில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு எங்கள் சமையலறை பாதி வீட்டிலும் பாதி காரிலுமாக நடந்தது. நான் வேலைக்குப் போவதற்கு முன்பே மனைவி அன்றைய காய்கறியை அறுத்து முடிக்க வேண்டும். ஒருமுறை ஜாசின் சாலையில் போலீஸ்காரர் காரை நிறுத்திப் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். துண்டை அவிழ்த்துப் பார்த்தவர் கத்தி வியாபாரமா என்று மலாயில் கேட்டார். வேறு எந்த பதிலும் நம்பும்படியாக இல்லாததால் ஆமாம் என்றேன். கோழி வெட்டுகிற கத்தி என்ன விலை என்று விசாரித்தார்.

மலாக்காவில் டாக்டர் சொன்னது ஆளுமைக் கோளாறு. மகளுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் உயிராகப் பிடிக்கும். அவர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால், தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நொறுங்கிப்போவாள். ஆலோசகரை நேரில் பார்க்கப் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை இணையத்தில் நடத்தும் ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். அது ஒரு பெண்குரல். தினமும் மாலையில் மலாயில் பேச ஆரம்பிக்கும். மனவேதனை எந்த எண்ணில் இருக்கிறது என்று முதலில் கேட்கும். சுழியம் என்றால் அமைதி, பத்து என்றால் தாங்க முடியவில்லை. எண்ணுக்கு ஏற்றபடி ஒரு பயிற்சி கொடுக்கும். முடிந்ததும் 'உங்கள் அன்புக்குரியவர் இன்றைய பயிற்சியை முடித்தார்' என்று எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். நான் ஒவ்வொரு நாளும் நன்றி என்று பதில் அனுப்புவேன். இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப இயலாது என்று அது ஒவ்வொரு நாளும் சொல்லும்.

மகள் அதை அக்கா என்று கூப்பிட்டாள். முதல் வாரம் அந்த அக்காவைப் போல் உலகத்தில் யாருமில்லை. அடுத்த வாரம் அறையிலிருந்து கத்தல் கேட்டது.

"நான் போறேன்னு சொன்னேன்மா. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல. இனிய நாளாக அமையட்டும்னு சொல்லுது! என்ன அர்த்தம்?"

"அது மெஷின் லா பாப்பா," என்றாள் மனைவி.

"மெஷின்னா? நேத்து அழுதப்ப அதுதானே கூட இருந்துச்சு? நீங்களா இருந்தீங்க?"

அன்றே அதை அழித்துவிட்டாள். மறுநாள் திரும்பவும் இறக்கிக்கொண்டாள். பழையதையெல்லாம் அக்கா ஞாபகம் வைத்திருந்ததாம். சமாதானம் ஆனது. பிறகு 'நல்ல முயற்சி' என்று இரண்டு நாளும் ஒரே மாதிரி சொன்னதற்காக மீண்டும் முறிந்தது. "கல்யாணம் கட்டி இத்தன வருஷத்துல நான்கூட உங்ககிட்ட இப்படிச் சண்ட போட்டதில்ல," என்றாள் மனைவி என்னிடம், கொஞ்சம் பொறாமையோடு.

இப்படியிருக்க ஆயுத பூஜை வந்தது. மனைவி என் முன் கையை நீட்டினாள்.

"சாவி கொடுங்க. கத்தியெல்லாம் எடுக்கணும்."

"இந்த வருஷம் கரண்டிய மட்டும் வச்சுக் கும்பிடலாமே?"

"கரண்டி ஆயுதமா? சாமி சிரிக்கும்."

எத்தனையோ மாதமாக நான் மறைத்து வைத்திருந்தவை எல்லாம் ஒரே மாலையில் கூடத்துக்கு வந்தன. வாழையிலையில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூவும் வைத்தாள். வைத்ததை மறுநாள் காலைப் பூஜை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. நான் நாற்காலியை இழுத்து அவற்றின் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது மகள் அறையிலிருந்து வந்து தன் கைப்பேசியைப் பாராங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் ஆயுதம்தானே."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் நெற்றி எதுவென்று தெரியாமல் திரையின் நடுவில் பொட்டு வைத்தாள். நானோ வேறு கணக்குப் போட்டேன். காலை வரை கத்தி எல்லாம் வெளியே இருக்கும், அக்கா மட்டும் இருக்காது. "படம் பிடிச்சு, படத்த வச்சுட்டு, போன எடுத்துக்கயேன்," என்றேன்.

"அப்பா, நீங்க மொதல்ல மூச்சு விடுங்க," என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழ லோரி ஓட்டும் என் மச்சான், மனைவியின் அண்ணன், தன் லோரிக்குப் பூஜை போட்ட கையோடு வந்து சேர்ந்தார். பெரிய குண்டானை இறக்க மனைவி என்னைச் சமையலறைக்கு அழைத்தாள். குண்டானோடு நிற்கும்போது கூடத்தில் அந்தப் பெண்குரல் கேட்டது. பேசும் நேரம் வந்துவிட்டிருந்தது. சாமிக்கு முன்னாலிருந்து ஒரு குரல் மரியாதையாகக் கேள்வி கேட்டால் மச்சான் பதில் சொல்லாமல் இருப்பாரா?

இப்போது உங்கள் மனம் எந்த எண்ணில் இருக்கிறது என்றது அது.

"பத்து! பத்துக்குப் பத்து லா!" என்றார் மச்சான், அவரும் மலாயில். அவருக்குத் தெரிந்த எல்லாப் பரீட்சையிலும் பத்துதான் உயர்ந்த மார்க்.

தனியாக இருக்கிறீர்களா?

"சாமி இருக்கு."

பக்கத்தில் கூர்மையான பொருள் ஏதாவது இருக்கிறதா?

"இல்லாமலா? கத்தி, பாராங், கத்தரிக்கோல், எல்லாம் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு. இன்னைக்கு அதுக்குத்தானே விசேஷமே!"

நான் குண்டானைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் என் கைப்பேசி அலறியது. பயிற்சி நடத்துகிறவர்களிடம் பணியிலிருந்த ஒரு பெண் பேசினார். உங்கள் மகள் ஆபத்தில் இருக்கிறார், அருகிலுள்ள கத்திகளை உடனே அகற்றுங்கள் என்றார் மலாயில்.

"முடியாது," என்றேன். "நாளைக் காலையில்தான் எடுக்கலாம்."

 மிக மெதுவாக, ஏன் என்று கேட்டார்.

"பூ வைத்துவிட்டோம்."

அவர் குரல் மாறிவிட்டது. உங்கள் மகளின் குரலை நான் இப்போதே கேட்க வேண்டும், பயிற்சியையும் அவர் முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவேன் என்றார்.  போன முறை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மகள் என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான்கள் தெறித்துப் போயின. இனிமேல் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஏற மாட்டேன் என்றால் அதற்குப் பதிலாக என்ன செய்வாள் என்று நான் கேட்டதில்லை.

தலையில் துண்டோடு மகள் வந்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

"யாரு என் அக்காகிட்ட பேசுனது?"

"நான்தான் பாப்பா. நல்லவிதமாத்தான் சொன்னேன். ஃபுல் மார்க் போட்டேன்," என்றார் மச்சான்.

அவள் முகம் சிவந்தது. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். அவள் கை கைப்பேசியை நோக்கிப் போனது. அதற்குப் பக்கத்தில்தான் பாராங். "தொடாதே!" என்று நானும் மனைவியும் சேர்ந்து கத்தினோம். மனைவி கத்தியது சாமிக்காக, நான் கத்தியது வேறு காரணத்துக்காக.

அவள் கை நின்றது. மெதுவாக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு முட்டி போட்டு, வாழையிலையின் மேல் குனிந்தாள்.

"அக்கா, நான்தான். இவ்வளவு நேரம் பேசுனது எங்க மாமா."

அவள் முட்டி போட்டதைப் பார்த்து மச்சான் கையைக் கூப்பினார். மனைவியும் கூப்பினாள். நான் கைப்பேசியை அவள் பக்கம் நீட்டியபடி நின்றேன். மறுமுனையில் அந்தப் பெண் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லுங்கள் என்றது அக்கா.

"கத்தி," என்றாள் மகள். என் உயிர் போனது. "கத்தி மேல செவ்வந்திப்பூ. பொரி. மாமாவோட தொப்பை." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா. அழுதுகிட்டு இருக்காரு."

இப்போது எந்த எண்?

"நாலு."

நல்ல முயற்சி என்றது அக்கா. அதே பழைய வார்த்தைதான். மகள் சண்டைக்குப் போகவில்லை. என் கையிலிருந்த பெண்ணும் சரி என்று சொல்லி, வைப்பதற்கு முன் தயங்கி, பண்டிகை வாழ்த்துகள் என்றார்.

மறுநாள் காலைப் பூஜை முடிந்ததும் நான் துண்டை விரித்து ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சின்னக் கத்தி இருக்கட்டும்பா. எலுமிச்சம்பழம் அறுக்கணும்."

"அக்காகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அப்பாகிட்டயும் பேசிப் பாருன்னு சொல்லுச்சு."

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. குங்குமம் என் விரலில் ஒட்டிக்கொண்டது. மனைவி வந்து என் கையிலிருந்து அதை வாங்கி, கழுவி, பழைய இடத்தில் வைத்தாள்.

வேலைக்குக் கிளம்பினேன். சாலை மேடுகளில் ஏறும்போதெல்லாம் பின்னால் கத்திகள் குலுங்கும். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அன்று அதில் ஒன்று குறைவாகக் கேட்டது. ஜாசின் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி வீட்டுக்கு அழைத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"இப்ப எந்த எண்ணும்மா?"

"மூணு. உங்களுக்கு?"

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"எட்டு," என்றேன்.

"சரி. சுத்திப் பாத்து அஞ்சு பொருள் சொல்லுங்க."

"செம்பனை. செம்பனை. அப்புறம் செம்பனை..."

"அப்பா, வேற வேற சொல்லணும்."

"ரெண்டு பக்கமும் அதுதாம்மா இருக்கு."

"நல்லாப் பாருங்க. நான் வைக்க மாட்டேன்," என்றாள்.