மணிக்கயிறு

இன்று மயிலாப்பூர்க் கடையொன்றில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியதும், பட்டினப்பாக்கத்தில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் சின்ன மாதாகோயிலின் மணிக்கூண்டுக்குள் போய் நின்றுவிட்டேன். புறா எச்சமும் உப்புக்காற்றும் மணக்கும் அந்த இருட்டறையில் தொங்கிய கயிறு, விடியற்காலைப் பூசைக்கு எந்தப் பிள்ளை முதலில் ஓடி வருகிறதோ அதற்குத்தான் என்பது எங்கள் பங்குச்சாமியார் போட்ட சட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பையன்களை முந்திக்கொண்டு நான் அதைப் பிடித்துத் தொங்கினேன். என் ஒல்லி உடம்பின் பாரம் போதாமல், மணி விட்டுவிட்டு, யாராவது இறந்தால் அடிக்கும் துக்கமணியைப் போலவே ஒலிக்க, கையில் ஈரவலையோடும் மீன்கூடையோடும் குப்பமே ஓடி வந்துவிட்டது.

"யாரு சாமி பூட்டாங்க?" என்றாள் கூடைக்காரி ஒருத்தி, மூச்சிரைக்க.

நான் கயிற்றை விடாமல் அழுதேன்.

"யாரும் போகல. புதுசா ஒரு பொண்ணு மணியடிக்க வந்திருக்கு. வந்தது வந்துட்டீங்க, பூசைக்கு உட்காருங்க" என்ற சாமியார், பீடத்துக்குப் போகிற வழியில் என் பக்கம் குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமைகூட இவ்ளோ கூட்டம் வராது. நாளைக்கும் நீயே அடி."