மிஷினோடு பேசிய பாப்பா

எங்கள் வீட்டுக்கு டிவி வந்த நாள் எனக்கு நினைவில்லை. மெட்டல் டிடெக்டர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று சனிக்கிழமை, அம்மாவுக்குச் சம்பள நாள். சேவு வாங்கி வருவாள் என்று வாசலிலேயே காத்துக் கிடந்தேன். சேவுப் பொட்டலத்தோடு நீளமான ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. பெட்டியைத் திறந்த பிறகு பொட்டலம் என் ஞாபகத்திலேயே இல்லை.

அம்மாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட்டில் வேலை. உள்ளே போகிற பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது. எங்காவது உரசி ஒரு பொறி கிளம்பினால் அந்த அறையில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்காவது கோத்துத் தொங்கவிடாத பெண் எங்கள் பக்கம் உண்டா? அதையெல்லாம் கழற்றி, கொண்டை ஊசியையும் சாவியையும் போனையும் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவாள். அவள் கைக்கு ஒரு குண்டூசிகூடத் தப்பாது என்று கம்பெனி முழுக்கப் பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இனிமேல் கை போதாது, மிஷின் வேண்டும் என்று முதலாளி வாங்கிவிட்டார். திங்கட்கிழமை போர்மேன் பக்கத்தில் நிற்க, அதை வைத்துத்தான் எல்லோரையும் பார்க்க வேண்டும். ஆனால் மருந்து அறைகள் பக்கம் கரண்டே கிடையாது. ஆபீசில் இருந்த ஒரே பிளக்கில் எந்நேரமும் போர்மேனின் போன் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் தினமும் மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் போன் வாழ்க.

கறுப்பாக, கைக்கு அடக்கமாக, துணி துவைக்கிற கட்டை மாதிரி இருந்தது. அம்மா பட்டனை அமுக்கி என் காதருகே கொண்டுவந்தாள். கீய்ங் என்றது. தோட்டைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் காதே பேசியதாக நினைத்து உறைந்துபோனேன்.

"கழுத்துல கத்துனா தாலி. காலுல கத்துனா மெட்டி. இடுப்புல கத்துனா ஆள நிப்பாட்டணும்" என்று போர்மேன் சொன்னதை அம்மா பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவா முக்கியம்? "எப்பிடிம்மா அதுக்குத் தெரியுது?" என்றேன். "உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாலும் சொல்லிரும்" என்றாள். உள்ளே இருப்பதைச் சொல்லும் ஒரு பொருள் எங்கள் வீட்டில் இருக்கிறது என்ற பிரமிப்பில் ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றையும் விடவில்லை. குத்துவிளக்கு பேசியது. மூடியிருந்த டிரங்குப் பெட்டி பேசியது. தலையணை ஊமை. பூனையும் ஊமை. முற்றத்து மண்ணில் நீட்டியபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வைத்த இடமெல்லாம் கத்தியது. எங்கள் ஊருக்கு அடியில் பெரும் புதையல் இருக்கிறது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா வந்து காலால் கிளறினார். எங்கே கிளறினாலும் எரிந்துபோன மத்தாப்புக் கம்பி. அதனால் என்ன, மண்ணுக்குள் கிடந்த கம்பியை அது கண்டுபிடித்ததே! என் பிரமிப்பு துளியும் குறையவில்லை.

பத்து மணி வாக்கில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, பக்கத்துத் தெரு. அதே கம்பெனியில் சங்குசக்கரத்துக்கு மருந்து அடைக்கிறவள். அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகாதே என்று சொல்லாதவர்கள் இல்லை. தீபாவளி ஆர்டர், சீசன் முடியட்டும் என்பாள். எனக்கு அவள் வயிற்றைப் பார்த்ததும் மனசு துள்ளியது. உள்ளே இருப்பதைச் சொல்லும் மிஷின் கையில் இருக்கிறது. உள்ளே ஒரு பாப்பாவும் இருக்கிறது.

மெதுவாக வயிற்றின் மேல் கொண்டுபோனேன். மேலே சத்தமில்லை. கீழே, இடுப்புச் சேலைப் பக்கம் வந்ததும் கீய்ங் என்று நீளமாகக் கத்தியது.

"அம்மா, பாப்பா பேசுது" என்று கூவினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்த்ததில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். சித்தி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அம்மா மிஷினை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தாள். அதே இடத்தில் கத்தியது. "கடையில போயிச் சீனி வாங்கிட்டு வா" என்று என்னைத் துரத்திக் கதவைச் சாத்தினாள். டப்பாவில் சீனி நிறைய இருந்தது எனக்குத் தெரியும்.

கதவுக்குப் பின்னால் நடந்ததை, நான் கல்யாணமாகிப் பிள்ளை உண்டாகியிருந்தபோது சித்திதான் சொன்னாள். மாட்டு லாடத்தின் ஒரு துண்டைத் துணியில் சுற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டிருந்தது அவள் மாமியார். இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது. முன்னால் தரித்த இரண்டும் தங்கவில்லை.

"எம்புட்டு நாளா?" என்று அம்மா கேட்டாளாம்.

"நாலு மாசமா. கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாகக்கா. ரெண்டு போயிருச்சே."

"மருந்துக்கு நடுவுல இரும்போட உக்காந்திருக்கியேடி. ஒன் கூட எத்தன பேரு இருக்காக."

"தெனமும் நீதான தடவிப் பாத்து விட்ட. ஒன் கைக்கே தெரியலைன்னா தப்பில்லைன்னு நெனச்சேன்."

தங்கை வயிறு என்று அம்மா அந்த இடத்தில் மட்டும் கையை அழுத்தாமல் விட்டிருக்கிறாள். பிறகு கையை நீட்டினாளாம். "கழட்டி எங்கிட்டக் குடு. வேலைக்குப் போறப்ப நான் வச்சிருக்கேன். காத்துக் கருப்பும் கேட்டு வழியாத்தான உள்ள வரணும்? நான் கேட்டுக்கு வெளியதான உக்காந்திருக்கேன். என்னையத் தாண்டி எப்பிடி வரும்?"

சித்தி யோசித்துப் பார்த்திருக்கிறாள். அதுவும் சரியாகத்தான் பட்டிருக்கிறது.

இது எதுவும் தெரியாத நான், திங்கட்கிழமை சாயங்காலம் இருவரும் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் மிஷினைப் பிடுங்கிச் சித்தியிடம் ஓடினேன். வயிறு, இடுப்பு, முதுகு, எங்கே வைத்தும் சத்தம் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. "பாப்பா பேச மாட்டேங்குது" என்று அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கையிலிருந்த மிஷின் அங்கே கீய்ங் என்று நீளமாகக் கத்தியது. நேற்றுக் கேட்ட அதே சத்தம்.

"பாப்பா ஒன் வயித்துக்கு வந்திருச்சாம்மா?" என்றேன்.

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு மிஷினை வாங்கிச் சார்ஜில் போட்டுவிட்டு, தன் வலது உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் அழுத்தித் துடைத்தாள். வேனில் வந்த வேர்வை என்று நினைத்துக்கொண்டு நான் போய் மின்விசிறியைப் போட்டேன்.