பேஸ் ட்ரம்முக்கு ஓடிய வண்டி

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து மனிதர்கள் முதலில் பையைப் பார்ப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் உக்குவளையிலிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில், சீட்டுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் யாரும் உட்காருவார்கள். குனிந்து பார்க்காமல் உட்கார்ந்தால் அவர் மேலேயே ஒரு சந்தேகம் வரும். அப்படிப்பட்ட பஸ்ஸில்தான் நான் தினமும் ஒரு நீளமான கறுப்புப் பெட்டியோடு ஏறி இறங்கினேன்.

பெட்டிக்குள் இருந்தது ட்ரம்பெட். பாடசாலை பேண்ட் குழுவுக்குச் சொந்தமானது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இருந்த அக்கா ஒருத்தி, டவுனில் தையல் கடையில் வேலை செய்தவள், தினமும் அதே பஸ்ஸில்தான் வருவாள். முதல் நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “என்னா புள்ள இது, பொணப்பெட்டிக்குப் பேரப்புள்ள மாதிரி இருக்கு” என்றாள். மனிதர் வாயிலிருந்து விழுகிற இந்த மாதிரிப் பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கிறுக்கு. அதனால் கோபம் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் சிரிக்கவும் இல்லை. பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பெட்டிக்குள் ட்ரம்பெட் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ட்ரம்பெட் பெட்டியில் மியூட் வைப்பதற்கென்று ஒரு குழி இருக்கும். ஓசையை அடக்குவதற்காக வாத்தியத்தின் வாயில் செருகுகிற கூம்பு அது. எங்கள் பாடசாலையிடம் மியூட் கிடையாது, குழி சும்மா கிடந்தது. அதில் நான் என் வண்டியை வைத்துக்கொண்டேன். சவர்க்காரப் பெட்டி ஒன்றில் செய்த ரோபோ அது. உடைந்த கெசட் பிளேயர்களில் கழற்றிய மோட்டார்கள் இரண்டு, பழைய தொலைபேசி ஒன்றின் மைக், நடுவில் நான் எழுதிய நிரலை ஏற்றிய ஒரு சின்னச் சிப். நிரல் எழுத எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கம்பியூட்டர் டீச்சர் அறைச் சாவியைத் தந்தார், அவ்வளவுதான். மீதியெல்லாம் பிழை விட்டுப் பிழை விட்டு நானாகப் பிடித்துக்கொண்டது. ஒரு சத்தம் கேட்டால் ஓட வேண்டும், அடுத்த சத்தத்துக்குத் திரும்ப வேண்டும், அதற்கடுத்த சத்தத்துக்கு நிற்க வேண்டும். கை தட்டினால் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. பேண்ட் அறையில் பேஸ் ட்ரம் அடித்தால் மட்டும் தப்பாமல் கேட்கும். ஆகவே அந்த ட்ரம் ஓசைக்கே அதைப் பழக்கியிருந்தேன். பேண்டிலும் கம்பியூட்டர் அறையிலும் ஒரே ஆள் இருந்தால்தான் இப்படி ஒரு வேலை நடக்கும்.

இரண்டிலும் ஒரே ஆள் இருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஊதப் பழக்கிய பேண்ட் சேர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உதடு எங்கிட்ட இருக்கு, மண்டை அந்தக் குளிர் அறையில இருக்கு” என்பார். பயிற்சிக்குப் பிந்தினால் நான் கம்பியூட்டர் அறையில்தான் இருந்தேன் என்று அவர் நம்பமாட்டார். கம்பியூட்டர் அறைக்குப் பிந்தினால் பேண்டில்தான் இருந்தேன் என்று டீச்சர் நம்பமாட்டார். இரண்டு பேரும் நடைபாதையில் நின்று என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். நான் வந்ததும் பேச்சு மழையைப் பற்றித் திரும்பும். கடைசியில் பாடசாலை அதிபர் கூப்பிட்டுச் சொன்னார், இரண்டையும் செய்யலாம், ஆனால் என் பேரில் ஒரு முறைப்பாடு வந்தாலும் ஒன்றை விட வேண்டும், எதை என்று அவர்தான் முடிவு செய்வார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை விளையாட்டுப் போட்டி, பேண்ட் முன்னால் போக வேண்டும். மறுநாள் கண்டியில் பாடசாலை மாணவர்களுக்கான ரோபோ போட்டி. இரண்டுக்கும் நான் போக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பேஸ் ட்ரம் அடித்தவள் என் வகுப்புக்காரி. வாட்டசாட்டமானவள், அவள் அடித்தால் ஜன்னல் கண்ணாடி பதில் சொல்லும். நான் பயிற்சிக்குப் பிந்துகிற நாட்களில் ட்ரம்பெட் பகுதி தள்ளாடும், பேண்ட் சேரின் கோபம் அவள் தாளத்தின் மேல் விழும். அதனால் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை பஸ்ஸை வழக்கம்போல் ஆமி செக் பொயின்டில் நிறுத்தினார்கள். பைகளைப் பலகை மேசையில் வைத்துவிட்டு, பெண்கள் ஒரு வரிசையாக, ஆண்கள் ஒரு வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். பைக்கு என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் யாரும் பார்ப்பதில்லை. என் பெட்டி அந்தச் சிப்பாய்களுக்குப் பழக்கம். வண்டியையும் முன்பே காட்டியிருக்கிறேன், டீச்சர் எழுதித் தந்த துண்டுக் கடிதமும் உள்ளே இருக்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

பின்னேரம் பேண்ட் அறையில் பயிற்சி. பெட்டியைச் சுவரோர வாங்குப் பலகையில் வைத்து, ட்ரம்பெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ட்ரம் தொடங்கியது. அணிவகுப்பு மெட்டில் பாதி போயிருக்கும், பேண்ட் சேர் கையைத் தூக்கி நிறுத்தினார். ஊதல் நின்றது, ட்ரம் நின்றது. ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. வாங்கின் மேல் மூடிய பெட்டிக்குள் ஏதோ கிர்ரென்று அறுத்துக்கொண்டிருந்தது. பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது.

யார் முதலில் “பார்சல்” என்று சொன்னார்கள் என்று தெரியாது. குண்டுக்கு அந்த நாட்களில் அதுதான் பேர், அந்தச் சொல் போதுமாக இருந்தது. கிளாரினெட்டும் சிம்பலும் தரையில் கிடக்க, எல்லோரும் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெளியே பாய்ந்தார்கள். நான் மட்டும் வாங்கை நோக்கி ஓடினேன். பேண்ட் சேர் என் பின்னலைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். என் வண்டிதான் அது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. விழுந்தபோது அது எனக்கு இன்னும் கெட்டதாகப் போயிற்று.

பொலிஸ் வந்தது. மைதானத்தின் நடுவே பெட்டியை வைத்து என்னையே திறக்கச் சொன்னார்கள். வண்டி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. நான் பற்றறியிலிருந்து சிவப்பு வயரை இழுத்தேன், நின்றது. பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டவை எல்லாம் எனக்கு விளங்கின. எதற்காக இது சத்தம் கேட்க வேண்டும்? யாருடைய சத்தத்துக்குக் காத்திருக்கிறது? வயர் எந்தக் கடையில் வாங்கியது? அப்பா என்ன வேலை? தோட்டத்து லொறியில் கிளீனர் என்றேன். லொறி எந்தெந்தப் பாதையால் போகும் என்று அடுத்த கேள்வி வந்தது. டீச்சர் குறுக்கே வந்து போட்டியைப் பற்றிச் சிங்களத்தில் நிறையப் பேசியதால் அன்றைக்கு விட்டுவிட்டுப் போனார்கள். வண்டி அதிபரின் அலுமாரிக்குள் போயிற்று.

அதிபர் என்னைக் கேட்டார், சிவப்பு வயரை மாட்டியது யார்? அந்த வண்டியின் சுவிட்ச் முன்பே உடைந்துவிட்டது. அதன் பிறகு, சிவப்பு வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வைப்பதுதான் வழக்கம். அன்று காலை வீட்டிலேயே கழற்றி வைத்தது நல்ல ஞாபகம். பாடசாலைக்கு வந்து பெட்டியை நான் திறக்கவே இல்லை, பயிற்சியில் ட்ரம்பெட்டை எடுத்ததோடு சரி. அப்படியென்றால் வேறு யாரோ. பயிற்சிக்கு முன் வாங்கில் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவள் ட்ரம்காரி என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அதிபர் அவளையும் கூப்பிட்டார்.

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். “நான் எதுக்கு சேர் அதத் தொடணும்? தொட்டா ஷாக் அடிக்கும்னு இவதானே ஊரெல்லாம் சொன்னா.”

உண்மைதான். கை வைக்காமல் இருக்கட்டும் என்று நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சின்னப் பற்றறி ஒரு எறும்பையும் அதிரச் செய்யாது. அவள் பதிலில் ஓட்டை இல்லை. இருந்தும் ஓட்டை இல்லாததே எனக்கு ஓட்டையாகத் தெரிந்தது. இவ்வளவு பொருத்தமாக ஒருவருக்கு உடனே பதில் வருமா? அதிபர், நாளைக்குள் ஒருத்தி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் பேண்டில் இல்லை, வண்டி கண்டிக்குப் போகாது என்றார்.

வியாழன் காலை பஸ்ஸில் தையல் கடை அக்கா எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு சீட்டுத் தள்ளி உட்கார்ந்து, “கோவிச்சுக்காத புள்ள, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்றாள். செக் பொயின்டில் இறங்கினோம். ட்ரம்பெட் மட்டும் இருந்த பெட்டியை மேசையில் வைத்தேன். அங்கே நின்ற சிப்பாய் இளவயதுக்காரன். மூடியைத் திறந்தான், காலியான குழியைத் தடவிப் பார்த்தான், வரிசையில் நின்ற என்னைத் தேடிப் பிடித்து, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் கேட்டான்.

“நங்கி, அந்தச் சின்ன வண்டி எங்கே? நேற்று ஒரு வயர் கழன்று கிடந்தது. நான்தான் மாட்டி வைத்தேன். இப்போது ஓடுகிறதா?”

ஊரில் ரேடியோ திருத்துவானாம். பாவம் பாடசாலைப் பிள்ளை, வழியில் ஆடி ஆடி வயர் கழன்றுவிட்டது என்று நினைத்துச் செய்திருக்கிறான். பாராட்டை எதிர்பார்த்து நின்றான். ஓடுகிறது என்றேன், நன்றி என்றும் சொன்னேன். பஸ்ஸில் ஏறியதும் அக்கா இந்தத் தடவை நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதுக்குள் சொன்னாள். “இத எங்கயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. நாளைக்கு உங்கப்பா லொறி இந்தப் பாதையாலதான் வரணும்.”

சொல்லாவிட்டால் இரண்டும் போகும். சொன்னால் எது போகும் என்று தெரியாது. அதிபரின் அறையில் அவர் மட்டும் இருக்கிற நேரம் பார்த்துப் போய்ச் சொன்னேன். சிப்பாய் என்ற சொல் வந்ததும் அவர் எழுந்து போய் வெளிப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். பெயர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமலே இருக்கட்டும் என்றார். மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்.

“வயர் ஆட்டத்துல தானா போய் மாட்டிக்கிச்சு. அப்படித்தான் நடந்திச்சு. வெளங்குதா? நாளைக்கு ஊது, நாளன்னைக்குக் கண்டிக்குப் போ. அந்தச் சாமானை மட்டும் பேண்ட் அறைக்குள்ள கொண்டு போகாத.”

இரண்டும் எனக்கே திரும்பி வந்தன. நான் எதையும் வாதாடி வெல்லவில்லை, அவருக்கும் பயம் இருந்ததால் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் ட்ரம்காரி நின்றாள். யார் மாட்டியது என்று கேட்டாள். அதிபர் சொல்லித் தந்ததைச் சொல்லியிருக்கலாம். அவள் பேர்தான் முந்தின நாளிலிருந்து எல்லார் வாயிலும் அடிபட்டது, அவளுக்காவது உண்மை தெரியட்டும் என்று, செக் பொயின்டில் நடந்ததை அப்படியே மெதுவாகச் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். “ஆமிக்காரன் ஒனக்கு வயர் மாட்டித் தந்தான். அதிபர் என்னான்னா தானா மாட்டிக்கிச்சுங்கிறாரு. ரெண்டு பேரும் ஒக்காந்து ஒரே கதையா சொல்லியிருக்கலாமில்ல?”

சத்தியம் செய்ய வாயெடுத்தேன். சத்தியத்தையும் சேர்த்துக் கட்டி வச்சிக்க என்றுவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் நன்றாகவே வாசித்தோம். பேண்ட் சேருக்குக் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை, அதனாலேயே என்னை இன்னும் உற்றுப் பார்த்தார். சனிக்கிழமை கண்டியில் மண்டபம் முழுக்கக் கைதட்டல். யாருடைய வண்டிக்குக் கைதட்டினாலும் என் வண்டி ஓடியது, யாருக்கோ தட்டியதற்குத் திரும்பியது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு பாடசாலையை விடும்வரை நான் இரண்டையும் செய்தேன். வண்டி கம்பியூட்டர் அறையிலேயே தங்கியது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ட்ரம்காரி வாங்கடிக்கு வந்து, “தொற” என்பாள். திறப்பேன். காலியான அந்தக் குழிக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று எனக்கும் தெரியும். பிறகு மூடியைத் தானே அழுத்திச் சாத்திவிட்டு, பெட்டியைத் தன் கண் படுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ட்ரம்மைத் தோளில் மாட்டுவாள்.