பெட்டிக்குள் லெலண்ட்

லெலண்ட் பிஷர் செய்த ஒரே குற்றம், அவன் முகம் ஆம்ப்ரோஸ் கேலின் முகம் மாதிரி இருந்ததுதான். அதே நீண்ட தாடை, அதே குழிவிழுந்த கண்கள். கேல் இந்தியானா மாநிலத்தில் எங்கள் பெல்மோர் ஊரில் பிறந்து, கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் அமெரிக்கா முழுவதையும் பயமுறுத்திய நடிகர். அவர் செத்து அறுபது வருஷம் ஆகியும் இந்த ஊர்க்காரர்கள் அவரை விட்டபாடில்லை. அக்டோபர் வந்தால் அவர் பெயரில் விழா.

கேல் வேஷம் போட்டவனைச் சவப்பெட்டியில் படுக்கவைத்து, டிராக்டரில் இழுத்து, தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவருவோம். உள்ளேயிருந்து மூன்று முறை தட்டுவான். ஊரே சேர்ந்து எண்ணும். மூன்றாவது தட்டில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுவான். இருபத்திரண்டு வருஷமாக அது லெலண்ட்தான்.

தானியக் கிடங்கில் மக்காச்சோளம் எடைபோடுகிற சாது அவன். கோழியைக்கூட அதட்ட மாட்டான். கடைக்குப் போனால், "எங்க, ஒரு தடவை முறைங்க பாப்போம்" என்று பிடித்துக்கொள்வார்கள். அவன் மனைவி டோரிஸை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்திலேயே ஒரு பெண் அவனோடு படம் எடுத்துக்கொண்டாள். அவனும் நின்றான். அந்த போனைப் பிடுங்கி எறிய எனக்குக் கை துடித்தது. எறியவில்லை. விழாக் குழுச் செயலாளர் நான்தானே, வருகிற கூட்டத்தைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, நான் வேலைபார்க்கும் தபால் நிலையத்துக்கு வந்தான்.

"நோரீன், ட்ரிஷா ஆரிகனுக்கே வந்துடச் சொல்றா. சனிக்கிழமை விழாவுக்கு வந்து, மறுநாள் கூட்டிட்டுப் போறாளாம்."

"மக வீட்டுக்குப் போக என்னப்பா யோசனை? போயேன்."

"அடுத்த அக்டோபர் வந்தா நீங்க கூப்பிடுவீங்க. எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. பெட்டிக்குள்ள படுத்தா மூச்சு முட்டுது நோரீன். முதல் வருஷத்துலேர்ந்தே. வெளிய சொல்ல வெக்கம்."

"அட மனுஷா! இத்தனை வருஷமாவா?"

"இந்தத் தடவை மைக்குல சொல்லிடுறேன், இதோட சரின்னு. ஜனங்க நம்பலேன்னா நீ சொல்லணும்."

"சொல்றேன், போ" என்றேன்.

அதுவரை எங்களிடம் இருந்தது பலகையில் அடித்த பெட்டி. இந்த வருஷம் ஊர் ஈமச்சடங்கு நிலையத்தார் நிஜப் பெட்டியே கொடுத்தார்கள். சனிக்கிழமை லெலண்ட் உள்ளே படுத்ததும் மூடியை மூடியது மெர்ல். முப்பது வருஷமாக அங்கே அதுதான் அவன் வேலை. மூடினான், கால்மாட்டில் சாவியைத் திருகினான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், பொரித்த பன்றியிறைச்சி ரொட்டிக்கு வரிசையில் போய் நின்றான்.

நண்பகல் மணி பன்னிரண்டு. பெட்டிக்குள்ளிருந்து தட்டு கேட்டது: ஒன்று, இரண்டு, மூன்று. மூடி எழவில்லை. நாலாவது தட்டு விழுந்தது. "நாலு!" என்று கூட்டம் குதூகலித்தது. பதினைந்தில் பள்ளி மேளக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"கில்லாடிய்யா! புதுசா பண்றான் பாரு!"

"திறங்க! திறங்க!" என்று உள்ளேயிருந்து குரல். கைதட்டல் இன்னும் பலத்தது. முப்பது வரை நானும் எண்ணினேன், அதை மறைக்க மாட்டேன். அப்புறம்தான் அவன் தபால் நிலையத்தில் சொன்னது உறைத்தது. ஓடிப்போய் மூடியை இழுத்தேன். அசையவில்லை.

"மெர்ல்! சாவி எங்கடா?"

வாய் நிறைய ரொட்டியோடு ஓடிவந்தான். "ஐயோ, பூட்டிட்டேனா? பழக்கதோஷம் நோரீன்! இதுவரைக்கும் யாரும் உள்ளேருந்து திறக்கச் சொன்னதில்லையே!"

நாற்பத்தொன்றில் திறந்தோம். மாவு பூசிய முகத்தில் வேர்வை கோடு கோடாக வழிய, லெலண்ட் எழுந்தான். விரல் முட்டிகளில் ரத்தம். ட்ரிஷா பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டாள். அவன் மைக்கை வாங்கினான்.

"இதான் கடைசி. இனிமே நான் வரமாட்டேன். தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க."

கைதட்டலில் தெருவே அதிர்ந்தது. மறுபடி சொன்னான், குரல் உடைந்தது. விசில் பறந்தது.

"அப்பா நிஜமாத்தான் சொல்றார்!" என்று ட்ரிஷா கத்தினாள்.

"பொண்ணும் என்னமா நடிக்குது!"

லெலண்ட் என் பக்கம் மைக்கை நீட்டினான். "நீ சொல்லு நோரீன்."

இப்படி ஒரு கூட்டம் எங்கள் விழாவுக்கு வந்ததே இல்லை. அந்தத் தாடையோடு வேறு ஆளுக்கு எங்கே போவேன்? கூட்டம் என்னையே பார்த்தது. அவனும் பார்த்தான்.

"அடுத்த அக்டோபர்லயும் இவர்தான்!" என்றேன்.

படம் எடுக்க வரிசை சேர்ந்துவிட்டது. "வாங்கப்பா, போலாம்" என்று ட்ரிஷா கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, பிள்ளைங்க காத்திருக்கு" என்று சொல்லி, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று முறைத்தான். ஞாயிற்றுக்கிழமை ட்ரிஷா தனியாகத்தான் ஆரிகனுக்குப் போனாள்.